சைக்கிளுக்குத் திருட்டு இன்சூரன்ஸ்: ராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பாம்பன்காரன். பல வருடமாக மண்டபம் ஊருக்குச் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் ஆடி மாதக் காற்றில் சைக்கிள் மிதிப்பது எப்படிப்பட்டது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சில வருடங்களுக்கு முன் ராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பூட்டி வைத்த என் சைக்கிள் திருடு போனது. வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தும் ஒரு ரூபாய் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்று தேடப் போய்க் கற்றுக்கொண்டவைதான் கீழே இருப்பவை. அதற்கப்புறம் அக்கம்பக்கத்தில் சைக்கிளைப் பறிகொடுத்தவர்களுக்குப் புகார் மனுவும் க்ளெய்ம் கடிதமும் எழுதிக் கொடுத்து வருகிறேன். கேள்விகள் எல்லாம் அவர்கள் கேட்டவை.

சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா?

இருக்கிறது. பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் பல காலமாக விற்றுவரும் வீட்டு உடைமைப் பாலிசியில் பல பிரிவுகள் உண்டு. தீ, கன்னம் வைத்துத் திருடுவது, நகை, டிவி என்று வரிசையாகப் போகும். அதில் 'பெடல் சைக்கிள்' என்று ஒரு தனிப் பிரிவு இருக்கும். அந்தப் பிரிவை நாம் கேட்டு, அதற்குரிய பிரீமியத்தைக் கட்டினால்தான் அது சேரும். இது தவிர, தனியார் நிறுவனங்கள் சில சைக்கிளுக்கு மட்டும் தனிப் பாலிசி கொடுக்கின்றன. விலை கூடிய கியர் சைக்கிள் வாங்கும்போது சில கடைகளில் அதையும் சேர்த்தே கொடுப்பார்கள்.

கிளைக்குப் போகும்போது "சைக்கிள் இன்சூரன்ஸ்" என்று மட்டும் கேட்டால் மோட்டார் சைக்கிள் என்று நினைத்துக்கொள்வார்கள். "மிதிக்கிற சைக்கிள், வீட்டுப் பாலிசியில் பெடல் சைக்கிள் பிரிவு" என்று விவரமாகச் சொல்லுங்கள்.

எடுத்தே ஆக வேண்டுமா?

இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் கட்டாயம் மிதிவண்டிக்குக் கிடையாது.

எங்கள் வீட்டுக்குப் பாலிசி இருக்கிறது. சைக்கிளும் அதிலேயே வந்துவிடாதா?

நான் ஏமாந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

வீட்டுக்கடன் வாங்கும்போது பலருக்குக் கிடைப்பது 'பாரத் க்ருஹ ரக்ஷா' பாலிசி. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி வாசகத்தோடு விற்பது. புயல், வெள்ளம், தீ போன்ற சேதங்களுக்கு அது நல்ல பாலிசி. நம் கடற்கரைக்குத் தேவையானதும்கூட. ஆனால் அதில் திருட்டுக்கு உள்ள இடம் மிகக் குறுகியது. புயலோ தீயோ வந்து, அதைத் தொடர்ந்து ஏழு நாளுக்குள் பொருள் திருடு போனால் மட்டும்தான் கிடைக்கும். சாதாரண நாளில் வாசலில் நின்ற சைக்கிளை யாராவது தள்ளிக்கொண்டு போனால் அந்தப் பாலிசியில் ஒன்றும் இல்லை.

சரி, திருட்டுப் பிரிவும் சேர்த்து எடுத்த பாலிசி என்றால்? அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பாலிசியில் உள்ள வார்த்தை பெரும்பாலும் 'பர்க்ளரி'. பூட்டை உடைத்தோ, ஓட்டைப் பிரித்தோ, ஆளை மிரட்டியோ, பலத்தைக் காட்டி உள்ளே நுழைந்து எடுத்தால்தான் அது பர்க்ளரி. திறந்த திண்ணையிலிருந்து எடுத்துப் போனால் அது வெறும் திருட்டு. இந்த வித்தியாசத்தை உச்ச நீதிமன்றமே 2004-இல் யுனைடெட் இந்தியா நிறுவனத்தின் வழக்கு ஒன்றில் உறுதி செய்திருக்கிறது. பலப்பிரயோகம் என்று பாலிசியில் எழுதியிருந்தால் பலப்பிரயோகம் நடந்திருக்க வேண்டும் என்பதுதான் தீர்ப்பு.

என் சைக்கிள் போனது பேருந்து நிலையத்தில். பாலிசி இருந்தது வீட்டுக்குள் உள்ள பொருளுக்கு. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்பது க்ளெய்ம் கடிதம் எழுதும்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆகவே ஏஜெண்டிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு, பதிலைப் பாலிசித் தாளில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வெளியே நிறுத்தினால் உண்டா? பலப்பிரயோகம் இல்லாத திருட்டுக்கு உண்டா? சைக்கிளின் பெயரும் எண்ணும் அட்டவணையில் இருக்கிறதா? வாய்வார்த்தையாக "எல்லாம் உண்டு" என்பதை ஏற்காதீர்கள்.

எந்த விலை சைக்கிளுக்கு எடுத்தால் பிரயோஜனம்?

என் கணக்கு இது. பழைய கறுப்புச் சைக்கிள், நாலைந்தாயிரம் பெறும் என்றால் இன்சூரன்ஸ் வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல பூட்டு வாங்குங்கள். பதினைந்தாயிரத்துக்கு மேல் போட்டு வாங்கிய கியர் சைக்கிள், அதுவும் தினமும் ரயில் நிலையத்திலோ பேருந்து நிலையத்திலோ பகல் முழுக்க நிற்பது என்றால் எடுங்கள். பிரீமியத்துக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும், அதையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள சைக்கிளுக்கு, ஏற்கெனவே வீட்டுப் பாலிசி எடுக்கிறவராக இருந்தால் பெடல் சைக்கிள் பிரிவை அதோடு சேர்ப்பது சரி. சைக்கிளுக்காகவே ஒரு வீட்டுப் பாலிசி எடுக்க வேண்டாம்.

பில் தொலைந்துவிட்டது. என்ன செய்வது?

மோட்டார் சைக்கிளுக்கு ஆர்.சி. புத்தகம் இருக்கிறது, நம்பர் பிளேட் இருக்கிறது. எங்கே போனாலும் அது யாருடையது என்று சொல்லிவிடலாம். மிதிக்கிற சைக்கிளுக்கு இது எதுவும் கிடையாது. உங்கள் சைக்கிள் உங்களுடையதுதான் என்று சொல்ல அரசாங்கத்தில் ஒரு தாளும் இல்லை. அந்தத் தாளை நாம்தான் உண்டாக்கி வைக்க வேண்டும். என்னிடம் வந்தவர்களில் பலருக்குப் பணம் கிடைக்காமல் போனது பாலிசி மோசமானதால் அல்ல, இந்தத் தாள் இல்லாததால்.

பில் போயிருந்தால் வாங்கிய கடைக்கே போங்கள். ராமநாதபுரம், பரமக்குடி கடைகளில் பில் புத்தகத்தின் நகலோ கணினிப் பதிவோ இருந்தால் மறுநகல் கொடுப்பார்கள். ஜிபேயிலோ அட்டையிலோ பணம் கட்டியிருந்தால் அந்த நாளின் வங்கிக் கணக்கு நகலை எடுத்து வையுங்கள். அப்புறம் இன்றைக்கே படம் எடுங்கள். முழுச் சைக்கிளும் தெரிய ஒன்று, பிரேம் நம்பர் தெரிய ஒன்று, கீறலோ ஒட்டுப் போட்ட சீட்டோ மாற்றிய மட்கார்டோ தெரிய ஒன்று. நீங்கள் சைக்கிளோடு நிற்கும் படமும் ஒன்று இருக்கட்டும். எடுத்த படங்களை உங்கள் எண்ணுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தால் தேதியோடு நிற்கும்.

பிரேம் நம்பர் எங்கே இருக்கும்?

சைக்கிளைக் கவிழ்த்துப் போடுங்கள். இரண்டு பெடலையும் இணைக்கும் அச்சு ஒரு குட்டைக் குழாய்க்குள் போகும். அதன் அடியில்தான் பெரும்பாலும் வெட்டியிருப்பார்கள். சிலவற்றில் சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாயில் இருக்கும்.

நம் ஊரில் ஒரு அவசரம் உண்டு. கடல் ஓரம் நிற்கும் சைக்கிளில் உப்புக்காற்று முதலில் தின்பது அடிப்பக்கத்தைத்தான். தண்ணீரும் மணலும் தெறித்து ஒட்டுவது அங்கேதான். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, எண்ணைப் படம் எடுத்து, குறித்துக்கொண்டு, அதன் மேல் கொஞ்சம் கிரீஸ் தடவி விடுங்கள். நாலு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்று விட்டால் எட்டு எது, மூன்று எது என்று தெரியாது.

பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிளுக்கு?

அதற்குப் பில் இருக்காது. ஆனால் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற பதிவு பள்ளியில் இருக்கும். திருடு போனால் தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கிப் புகாரோடு இணைக்கலாம். ஒரே நிறம், ஒரே மாடல் என்று நூறு சைக்கிள் ஒன்றாக நிற்கும் பள்ளிக்கூடத்தில் தவறி மாற்றி எடுத்துப் போவதும் நடக்கும். அதனால் புகாருக்கு முன் ஒருநாள் நண்பர்களிடம் விசாரித்துப் பார்க்கலாம். பிள்ளையின் பெயரை மட்கார்டில் பெயிண்டால் எழுதினால் மட்டும் போதாது, பிரேம் நம்பரையும் நோட்டில் எழுதி வையுங்கள். பெயிண்டை ஐந்து நிமிடத்தில் சுரண்டிவிடலாம்.

எப்படிப் பூட்டினால் க்ளெய்ம் கிடைக்கும்?

பாலிசியில் 'நியாயமான கவனம்' என்று ஒரு நிபந்தனை இருக்கும். சில தனிப் பாலிசிகளில், அசையாத ஒன்றோடு சேர்த்துப் பூட்டியிருக்க வேண்டும் என்றே எழுதியிருப்பார்கள். பின்சக்கரத்தில் கடையில் மாட்டிக் கொடுக்கும் வளையப் பூட்டு சக்கரத்தை மட்டும்தான் நிறுத்தும். லோடு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போக அது தடையே இல்லை. பிரேமையும் ஒரு கம்பியையும் சேர்த்துச் செயின் பூட்டோ யு பூட்டோ போட வேண்டும். பூட்டு வாங்கிய பில்லையும் வையுங்கள். இரண்டு சாவியும் கையில் இருக்க வேண்டும். க்ளெய்ம் வந்தால் சாவியைக் கேட்பார்கள். ஒன்று குறைந்தால் சைக்கிளைப் பூட்டவே இல்லை என்று சந்தேகம் வரும்.

உப்புக்காற்றில் பூட்டு இறுகிப்போனால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், மணலோடு சேர்ந்து பசையாகிவிடும். தையல் மெஷின் ஆயில் போதும்.

கடலுக்குப் போகும்போது சைக்கிளைக் கரையில் விட்டுவிட்டுத்தான் போகிறோம். மறுநாள்தான் திரும்புவோம். அதற்குக் கிடைக்குமா?

தங்கச்சிமடத்திலிருந்தும் பாம்பனிலிருந்தும் இதைப் பலர் கேட்டிருக்கிறார்கள். பிரச்சினை இரண்டு. ஒன்று, ஆளில்லாமல் நீண்ட நேரம் விட்ட பொருளுக்குப் பல பாலிசிகள் பொறுப்பேற்பதில்லை. இரவு முழுக்கக் கரையில் நிற்பதைக் குறிப்பாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு, கட்டுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. பனையைச் சுற்றி வர நம் செயின் எட்டாது. சவுக்குக் கம்பைப் பிடுங்கிவிடலாம்.

நான் பார்த்ததில் நன்றாக வேலை செய்வது, நாலைந்து பேர் சைக்கிளை ஒன்றோடொன்று சேர்த்து ஒரே நீளச் செயினில் கோத்து, வாடியின் (கரையில் உள்ள மீன் கொட்டகையின்) இரும்புத் தூணில் பூட்டுவது. ஒரு சைக்கிளைத் தூக்கலாம், ஐந்தைத் தூக்க முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாது, கரையில் ஆள் நடமாட்டமும் குறையும். அந்த 61 நாளும் சைக்கிளை வீட்டுக்குள் வையுங்கள்.

கேரியரில் பெட்டி கட்டி மீன் விற்கப் போகும் சைக்கிள் என்றால்?

சொந்த உபயோகத்துக்கு என்று எழுதிய பாலிசியில் தொழில் உபயோகம் சேராது. வாடகைக்கு விடும் சைக்கிளும் அப்படித்தான். விண்ணப்பத்தில் உண்மையை எழுதி, அதற்குச் சம்மதித்து எழுத்தில் கொடுத்தால் எடுங்கள். மறைத்து எடுத்தால் பிரீமியம் கட்டியதெல்லாம் வீண்.

சீட்டை மட்டும், அல்லது சக்கரத்தை மட்டும் கழற்றிக்கொண்டு போனால்?

பொதுவாகக் கிடைக்காது. சைக்கிளோடு சேர்ந்து போனால்தான் உதிரிப் பாகத்துக்கும் பணம் என்று பெடல் சைக்கிள் பிரிவில் இருக்கும்.

துருவுக்கு?

எந்தப் பாலிசியிலும் இல்லை. தேய்மானம், துரு இரண்டும் எப்போதும் விலக்கு.

திருடு போன அன்றைக்கு என்ன செய்ய வேண்டும்?

முதலில் அந்த இடத்தைப் படம் எடுங்கள். வெட்டிய செயின் கீழே கிடந்தால் அப்படியே படம் எடுத்துவிட்டு, அப்புறம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பலத்தைக் காட்டித்தான் எடுத்தார்கள் என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். பக்கத்துக் கடைகளில் சிசிடிவி இருக்கிறதா என்று கேளுங்கள். சில நாளில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும், அதனால் அன்றைக்கே கேட்பது நல்லது.

அப்புறம் நேராகக் காவல் நிலையம். மனுவில் சைக்கிளின் கம்பெனி, நிறம், பிரேம் நம்பர், வாங்கிய தேதி, விலை, நிறுத்திய இடம், பூட்டிய விதம், கடைசியாகப் பார்த்த நேரம் எல்லாம் இருக்கட்டும். எந்த எல்லை என்று குழப்பம் வந்தால், எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. மின்னணு வழியாகவும் கொடுக்கலாம், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். பதிந்தால் அதன் நகல் உங்களுக்கு இலவசம்.

அதே நாளில் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் போன் செய்து, ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள். போன் மட்டும் போதாது.

"சைக்கிளுக்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். போட மாட்டோம்" என்கிறார்களே?

கீழக்கரையில் ஒரு லாத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள்) கண்ணீரோடு கேட்ட கேள்வி இது. மகன் சவூதியிலிருந்து அனுப்பிய பணத்தில் பேரனுக்கு வாங்கிய சைக்கிள். ஸ்டேஷனில் "பில்லு இருக்காம்மா? எவ்வளவு பெறும்?" என்று கேட்டிருக்கிறார்கள். "பழசுதான், மூவாயிரம் பெறும்" என்று தயங்கிச் சொல்லியிருக்கிறார். எஃப்.ஐ.ஆர். போடாமல், மனு வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிட்டார்கள்.

விலையை ஏன் கேட்கிறார்கள் என்றால், புதிய சட்டத்தில் ஐயாயிரம் ரூபாய் ஒரு எல்லைக்கோடு. குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவில், ஐயாயிரத்துக்குக் குறைந்த பொருளை முதல் தடவையாகத் திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை. அந்த வகைத் திருட்டு, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத குற்றங்களின் பட்டியலில் இருக்கிறது. அதனால் ஏட்டையா எஃப்.ஐ.ஆர். போடாமல் இருப்பதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கலாம்.

ஆனால் லாத்தாவின் சைக்கிள் ஒன்றும் மூவாயிரம் பெறும் சைக்கிள் இல்லை. பதினோராயிரத்துக்கு வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. பில் பீரோவில் இருந்தது. அதோடு, சைக்கிள் போனது தெருவிலிருந்து அல்ல, வீட்டுக்குள் நடையிலிருந்து. ஆள் குடியிருக்கும் கட்டடத்துக்குள் திருடுவது 305-ஆம் பிரிவு. ஏழு வருடம் வரை தண்டனை, விலை எவ்வளவு குறைந்தாலும் போலீஸ் நேரடியாக விசாரிக்க வேண்டிய குற்றம். இந்த இரண்டையும் எழுதிப் பில் நகலோடு மறுமனு கொடுத்தோம். எஃப்.ஐ.ஆர். பதிந்தார்கள்.

விலையைக் கூட்டிச் சொல்லாதீர்கள். பயந்துகொண்டு குறைத்தும் சொல்லாதீர்கள். எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டிய குற்றத்துக்கும் மறுத்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். சைக்கிள் உண்மையிலேயே ஐயாயிரத்துக்குக் கீழே என்றால் சி.எஸ்.ஆர். ரசீதையாவது கட்டாயம் வாங்குங்கள். க்ளெய்முக்கு எஃப்.ஐ.ஆர்.தான் வேண்டுமா, ரசீது போதுமா என்பதைப் பாலிசி எடுக்கும்போதே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது இதனால்தான் முக்கியம்.

இன்சூரன்ஸ்காரர்களுக்குச் சொல்லத் தாமதமாகிவிட்டது. போச்சா?

போலீசுக்கு உடனே சொல்லியிருந்தால் நம்பிக்கை உண்டு. 2020-இல் ஒரு டிராக்டர் திருட்டு வழக்கில், எஃப்.ஐ.ஆர். அன்றைக்கே போட்டிருந்து, நிறுவனத்துக்கு மட்டும் தாமதமாகச் சொன்னதை வைத்து க்ளெய்மை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. டிராக்டர் பாலிசியும் சைக்கிள் பாலிசியும் ஒன்றல்ல, ஆனாலும் கடிதத்தில் குறிப்பிடத் தகுந்த தீர்ப்பு. போலீசுக்கே தாமதமாகச் சொல்லியிருந்தால் காரணத்தை ஆதாரத்தோடு எழுத வேண்டும்.

சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் வாங்கி விட்டது காணாமல் போனால்?

"தொலைந்தால் நாங்கள் பொறுப்பல்ல" என்று போர்டு தொங்கும். அதைப் பார்த்துத் திரும்பி வந்துவிடாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு பொருளைக் காவலுக்கு ஏற்றவர், தன் பொருளைப் பார்த்துக்கொள்வது போல் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு. 2019-இல் ஒரு ஹோட்டலில் நிறுத்தக் கொடுத்த கார் திருடு போன வழக்கில், இப்படிப்பட்ட வாசகத்தைக் காட்டித் தன் கவனக்குறைவிலிருந்து தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டோக்கனைத் தொலைக்காதீர்கள். திரும்பக் கேட்டாலும் படம் எடுக்காமல் கொடுக்காதீர்கள்.

எவ்வளவு பணம் வரும்?

வாங்கிய விலை வராது. வருடத்துக்கு இவ்வளவு என்று தேய்மானம் கழிப்பார்கள், நாம் ஏற்க வேண்டிய முதல் தொகை ஒன்றையும் கழிப்பார்கள். பிரீமியத்தை மிச்சம் பிடிக்க இருபதாயிரம் சைக்கிளைப் பத்தாயிரம் என்று காட்டினால் நட்ட ஈட்டையும் நிறுவனம் அதே விகிதத்தில் பாதியாக்கிவிடலாம்.

மறுத்துவிட்டார்கள். அடுத்து?

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். 'பீமா பரோசா' தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்திடமும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லை என்றாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அது வேண்டாம் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

பேட்டரி சைக்கிள்?

மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவு, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவு என்றால் சட்டப்படி அது மோட்டார் வாகனம் அல்ல. பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், கட்டாய இன்சூரன்ஸும் இல்லை. திருட்டுக்கு மற்ற சைக்கிளைப் போலத்தான் பாலிசி தேட வேண்டும். பேட்டரியின் எண்ணைத் தனியாக எழுதச் சொல்லுங்கள், திருடர்கள் அதை மட்டும் கழற்றிப் போகிறார்கள். அந்த அளவைத் தாண்டினால் அது மோட்டார் வாகனம், பதிவும் இன்சூரன்ஸும் கட்டாயம்.

பழைய சைக்கிள் ஒன்று மலிவாக வருகிறது, பில் இல்லை. வாங்கலாமா?

வேண்டாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் வாங்கியவர் மேலும் வழக்கு வரும், மூன்று வருடம் வரை தண்டனை உண்டு. தெரிந்தவரிடம் வாங்கினாலும் பிரேம் நம்பரோடு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

இன்சூரன்ஸ் பணம் வாங்கிய பிறகு சைக்கிள் கிடைத்தால் யாருக்குச் சொந்தம்?

நிறுவனத்துக்கு. கட்டாயம் தெரியப்படுத்துங்கள், ஒரு விலை பேசி உங்களிடமே கொடுத்துவிடவும் வாய்ப்பு உண்டு. பணம் வாங்காதவர் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுப் போட்டுச் சைக்கிளைத் திரும்ப வாங்கலாம். உரிமையாளர் தெரியாத பொருளுக்கு நீதிமன்றம் அறிவிப்புக் கொடுத்து ஆறு மாதம் பார்க்கும். யாரும் வந்து நிரூபிக்காவிட்டால் ஏலத்துக்குப் போகும்.

காவல் நிலைய வளாகத்தில் துருப்பிடித்துச் சாய்ந்து கிடக்கும் சைக்கிள்களைப் பார்த்திருப்பீர்கள். உங்களுடையது போனால் அங்கேயும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். நிறத்தையும் கம்பெனியையும் சொல்லிப் பயனில்லை, அதே மாதிரி நாலு கிடக்கும். எண்ணைச் சொன்னால் ஏட்டையா ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்து, இருக்கிறதா இல்லையா என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.